அறுபது கிரெடிட்டும் ஆன்லைனில்: இரண்டாண்டு லிபரல் ஆர்ட்ஸ் பட்டம் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடித்தவர் நேராக நான்காண்டுப் பட்டத்தில்தான் சேர வேண்டும் என்றில்லை. முதல் இரண்டாண்டை மட்டும் தனிப் பட்டமாக முடிக்கலாம். அதற்கு அசோசியேட் டிகிரி என்று பெயர். லிபரல் ஆர்ட்ஸ் பிரிவில் முடித்தால் ‘அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ்’, சுருக்கமாக ஏ.ஏ. பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் கல்லூரிகள் இதை நடத்துகின்றன. வேலைக்குப் போகிறவர்களுக்கும் குழந்தை வளர்ப்பவர்களுக்கும் வசதியாக, பல கல்லூரிகள் முழுப் படிப்பையும் ஆன்லைனிலேயே தருகின்றன. அண்ணா நகரிலோ தாம்பரத்திலோ வீட்டில் உட்கார்ந்தபடி இதைப் படிக்க முடியுமா? முடியும். படித்தால் பயன் உண்டா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில், அடுத்து நீங்கள் எங்கே போகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அமையும்.

ஏனென்றால் ஏ.ஏ. ஒரு பாதிவழிப் பட்டம். படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகுக்குக் கிரெடிட் என்று பெயர். இதில் சேரும் 60 கிரெடிட்டுகள், 120 கிரெடிட் கொண்ட இளங்கலைப் பட்டத்தின் முதல் பாதி. மீதிப் பாதியை எங்கே முடிப்பது என்று தெரியாமல் முதல் பாதியைத் தொடங்குகிறவர்கள்தான் பின்னால் அதிகம் தவிக்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே போகும்.

இதில் என்ன பாடங்கள் வரும்?

ஓவியம், நாட்டியம் கற்றுத் தரும் படிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. இதில் கணிதமும் அறிவியலும் கட்டாயம். நம் ஊர் பி.ஏ.வில் முதல் நாளே வரலாறோ பொருளாதாரமோ என்று முதன்மைப் பாடம் முடிவாகிவிடும். ஏ.ஏ.வில் அந்த முடிவை இரண்டாண்டு தள்ளிவைத்து, எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம் படிக்க வைக்கிறார்கள். ஆங்கிலக் கட்டுரை எழுதும் பாடம் இரண்டு, கணிதம் ஒன்றோ இரண்டோ, ஆய்வகத்தோடு கூடிய அறிவியல், உளவியல், சமூகவியல், பொருளாதாரம் போன்ற சமூக அறிவியல் பாடங்கள், வரலாறு, தத்துவம், இலக்கியம் போன்ற கலைப்புலப் பாடங்கள், பெரும்பாலும் மேடைப் பேச்சு ஒன்று. மிச்சம் இருப்பவை விருப்பப் பாடங்கள். பாடம் ஒன்று பொதுவாக 3 கிரெடிட். ஆக 60 கிரெடிட் என்றால் ஏறக்குறைய 20 பாடங்கள். புளோரிடா மாநிலத்தில் இந்தப் பொதுப் பாடத் தொகுதி மட்டுமே 36 கிரெடிட். மீதி 24 நீங்கள் அடுத்துச் சேரப்போகும் துறைக்கான முன்பாடங்களுக்கும் விருப்பப் பாடங்களுக்கும்.

பெயரில் ஒரு கண்ணி உண்டு. ஏ.ஏ., ஏ.எஸ். (அசோசியேட் ஆஃப் சயன்ஸ்), ஏ.ஏ.எஸ். என்று மூன்று வகை அசோசியேட் பட்டங்கள் விளம்பரங்களில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஏ.ஏ., ஏ.எஸ். இரண்டும் பெரும்பாலும் நான்காண்டுப் பட்டத்துக்கு மாறுவதற்காக அமைக்கப்பட்டவை. ஏ.ஏ.எஸ். என்பதில் கடைசியில் வரும் ‘அப்ளைடு சயன்ஸ்’ நேரே வேலைக்குப் போகிறவருக்கானது. அதன் கிரெடிட்டுகளில் பலவற்றைப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. விண்ணப்பத்தில் ஓர் எழுத்து கூடிப்போனால் ஒரு வருட உழைப்பு வீணாகலாம்.

இரண்டு வருடத்தில் முடியுமா?

ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 15 வாரம், வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதோடு வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர வேலை. அமெரிக்க அரசின் வரையறையே இப்படித்தான் போகிறது. ஆன்லைனில் வகுப்பு வேறு, வீட்டுப்பாடம் வேறு என்ற பிரிவு மறைந்துவிடும். மொத்தம் வாரம் மூன்று மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வாரம் 9 மணி நேரம். இரண்டே வருடத்தில் 60 கிரெடிட் முடிக்க வேண்டுமானால் செமஸ்டருக்கு 15 கிரெடிட், அதாவது ஐந்து பாடம், வாரம் 45 மணி நேரம். அது ஒரு முழுநேர வேலை.

ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு இதைச் செய்ய நினைக்கிறவருக்கு எங்கள் யோசனை: ஒரு பருவத்துக்கு, அதாவது ஒரு செமஸ்டருக்கு, இரண்டு பாடம். அதுவே வாரம் 18 மணி நேரம்; வார நாளில் தினம் இரண்டு மணி, சனி ஞாயிறு தலா நான்கு மணி. வருடத்துக்கு மூன்று பருவமும் விடாமல் படித்தால் 18 கிரெடிட். அப்படியானால் 60 கிரெடிட் முடிய மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். ‘இரண்டாண்டு’ என்று போட்டிருப்பது முழுநேர மாணவரின் கணக்கு. ‘ஃபிளெக்சிபிள்’ என்பது எந்த நேரத்தில் படிப்பது என்பதில் மட்டும்தான். எவ்வளவு படிப்பது என்பதில் ஒரு மணி நேரம்கூடக் குறையாது.

எட்டு வாரத்தில் ஒரு பாடம் முடியும் விரைவுப் பருவங்களும் உண்டு. 15 வாரத்தில் செய்யும் அதே 135 மணி நேர வேலையை எட்டு வாரத்தில் செய்தால் வாரம் 17 மணி நேரம், அதுவும் ஒரே பாடத்துக்கு. கணிதத்தையும் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தையும் எட்டு வார வடிவத்தில் எடுக்காதீர்கள். இரண்டிலும் பயிற்சி மெல்ல மெல்ல ஊற வேண்டும். எழுதிய கட்டுரை திருத்தப்பட்டு வருவதற்குள் அடுத்த கட்டுரைக்கு நாள் வந்துவிடும்.

இந்தியாவில் இது செல்லுமா?

இதை முதலில் சொல்லாமல் அட்மிஷன் பற்றிப் பேசுவது நியாயமில்லை. ஏ.ஏ. மட்டும் கையில் இருந்தால், இந்திய அரசுத் தேர்வுகளின் கண்ணில் நீங்கள் பட்டதாரி அல்ல. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு, வங்கி அதிகாரி தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 எல்லாம் பட்டம் கேட்கின்றன. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ, அதன்பின் மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையும் பார்க்கப்படுகிறது. இரண்டாண்டுப் படிப்பு அந்த வரிசையில் பொருந்தாது.

அடுத்த சிக்கல் ஆன்லைன். வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சமநிலை வழங்க யு.ஜி.சி. 2025இல் வெளியிட்ட விதிமுறைகள், நேரில் வகுப்புக்குச் சென்று படித்த படிப்பைத்தான் கருத்தில் கொள்கின்றன. ஆன்லைனில் அசோசியேட் படித்து, ஆன்லைனிலேயே அமெரிக்க இளங்கலையும் முடித்து, பிறகு இங்கே எம்.ஏ. சேரலாம் என்பது உங்கள் திட்டமானால், அந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். வெளிநாட்டுக் கல்லூரியோடு கூட்டு என்று சொல்லிப் பட்டம் விற்கும் எட்டெக் எனப்படும் ஆன்லைன் கல்வி நிறுவனங்களைப் பற்றி யு.ஜி.சி. 2023 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. “யு.ஜி.சி. அப்ரூவ்டுதான் சார்” என்று கவுன்சிலர் போனில் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். அங்கேயே பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள்.

அப்படியானால் யாருக்கு இது உதவும்? அடுத்த இரண்டாண்டை அமெரிக்காவில் நேரில் போய் முடிக்க உறுதியாக நினைப்பவருக்கு. தனியார் நிறுவன வேலையில் இருந்துகொண்டு வெளிநாட்டில் குடியேறத் திட்டமிடுபவருக்கு. கணவனோ மனைவியோ அங்கே வேலையில் இருக்க, சில காலத்தில் போய்ச் சேரப்போகிறவருக்கு. ஏற்கெனவே இங்கே ஒரு பட்டம் வைத்துக்கொண்டு, படிக்க வேண்டும் என்ற ஆசையால் மட்டும் படிப்பவருக்கு. கடைசி வகையினரை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். ஆனால் அவர்கள் டிகிரி வாங்க வேண்டியதே இல்லை. வேண்டிய நாலைந்து பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில்தான் வாழ்க்கை, அரசு வேலையும் மேற்படிப்பும் இங்கேதான் என்றால், இதே நெகிழ்வுத்தன்மை உள்ளூரிலேயே கிடைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி நிறுவனம், சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ ஆகியவற்றில் பி.ஏ. படிக்கலாம். இக்னோவில் மூன்றாண்டு பி.ஏ.வை முடிக்க ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதித்த படிப்பா என்பதை அதன் இணையதளத்தில் அந்தந்தக் கல்வியாண்டுக்குப் பார்த்துக்கொண்டு சேர்ந்தால், அந்தப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம்.

இரண்டாண்டில் வெளியேறும் வழியும் இங்கே வந்துவிட்டது. 2022 டிசம்பரில் யு.ஜி.சி. வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, முதல் இரண்டாண்டில் 80 கிரெடிட்டும் கோடையில் 4 கிரெடிட் தொழில்திறன் பாடமும் முடித்தால் இளங்கலை டிப்ளமோவோடு வெளியே வரலாம். மூன்றாண்டுக்குள் திரும்பி வந்து, மொத்தம் ஏழாண்டுக்குள் பட்டத்தை முடிக்கலாம். கிரெடிட்டுகள் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கில் இருக்கும். எல்லாப் பல்கலைக்கழகங்களும் இதை நடைமுறைப்படுத்தவில்லை என்பதால், சேரும் முன்பே “இரண்டாம் ஆண்டு முடிவில் டிப்ளமோ தருவீர்களா?” என்று அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஒரு குழப்பமும் வேண்டாம்: இந்தியாவின் 80 கிரெடிட் அமெரிக்காவின் 60ஐ விடப் பெரிது அல்ல. இங்கே ஒரு கிரெடிட் 30 மணி நேரம், அங்கே 45. இங்கே 2,400 மணி நேரம், அங்கே 2,700.

பின்னாலிருந்து திட்டமிடுங்கள்

அமெரிக்க வழிதான் என்று முடிவு செய்தவர்களுக்கு: முதலில் தேட வேண்டியது கம்யூனிட்டி காலேஜ் அல்ல, நீங்கள் இளங்கலையை முடிக்கப்போகும் பல்கலைக்கழகம். இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். அவை எந்தக் கம்யூனிட்டி காலேஜோடு கிரெடிட் மாற்ற ஒப்பந்தம் வைத்திருக்கின்றன என்று பாருங்கள். ‘ஆர்ட்டிகுலேஷன் அக்ரிமென்ட்’ என்று அந்தப் பல்கலைக்கழகத் தளத்தில் தேடினால் பட்டியல் வரும். அதிலிருந்துதான் கல்லூரியைத் தேர்வு செய்ய வேண்டும்.

ஒரே மாநிலத்துக்குள் மாறுவது எளிது. புளோரிடாவில் அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் பாட எண்கள் பொதுவானவை, இ.என்.சி. 1101 என்றால் எந்தக் கல்லூரியில் படித்தாலும் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடம்தான். அங்கே ஏ.ஏ. முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஏதாவது ஒன்றில் இடம் உறுதி (நீங்கள் கேட்கும் பல்கலைக்கழகத்தில், கேட்கும் துறையில் என்று உறுதி இல்லை). கலிபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து, கலிபோர்னியா பல்கலைக்கழகம், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் பொதுவான 34 யூனிட் (அங்கே கிரெடிட்டுக்கு யூனிட் என்று பெயர்) பொதுப் பாடத் தொகுதி ஒன்று வந்திருக்கிறது. மாநிலம் தாண்டும்போதுதான் பாடங்கள் உதிர ஆரம்பிக்கும். அங்கே உங்கள் பாடம் ஏற்கப்படலாம், ஆனால் வெறும் விருப்பப் பாடமாக. கணக்கில் கிரெடிட் இருக்கும். தேவையான பாடம் படித்ததாக ஆகாது. மறுபடி படிக்க வேண்டும்.

மாற்றும்போது அதிகம் அடிபடுவது கணிதம். ஏ.ஏ.வுக்கு ‘லிபரல் ஆர்ட்ஸ் மேத்ஸ்’ என்று ஓர் எளிய பாடம் போதும் என்று கல்லூரி சொல்லும். அது உண்மைதான். ஆனால் பின்னால் வணிகவியலோ கம்ப்யூட்டர் சயன்ஸோ எடுக்கப்போகிறவருக்கு அந்தப் பாடத்தால் பயனில்லை. கால்குலஸ் வரிசையில் ஏற வேண்டும். உளவியல், சமூகவியல் பக்கம் போகிறவருக்குப் புள்ளியியல் வேண்டும். ஆக, பதினாறு வயதில் எடுத்த குரூப்பைப் போல இங்கேயும் ஒரு பாடத் தேர்வு நாலு வருடத்தைத் தீர்மானிக்கிறது. ப்ளஸ் டூவில் கணிதம் எடுத்தவர்கள் தைரியமாகக் கடினமான வரிசையையே எடுங்கள். பிளேஸ்மென்ட் டெஸ்ட் என்ற நிலைத் தேர்வைத் தயாரிப்பில்லாமல் எழுதிவிடாதீர்கள். மதிப்பெண் குறைந்தால், கிரெடிட் கணக்கில் சேராத அடிப்படை வகுப்பில் போட்டுவிடக்கூடும். பணமும் பருவமும் போகும்.

ஆய்வக அறிவியலும் யோசிக்க வேண்டியது. ஆன்லைன் வேதியியலுக்குச் சில கல்லூரிகள் வீட்டுக்கே ஆய்வகப் பெட்டி அனுப்பும். அமிலமும் உப்புகளும் உள்ள பெட்டி கடல் கடந்து சென்னை வந்து, சுங்கத்தைத் தாண்டி, பருவம் தொடங்கும் முன் கையில் கிடைக்கும் என்று நம்பிப் பாடம் எடுக்காதீர்கள். வானியல், புவியியல், சுற்றுச்சூழல் அறிவியல் போன்றவற்றில் கணினியிலேயே செய்யும் ஆய்வகம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வகை ஆய்வகத்தை அடுத்த பல்கலைக்கழகம் ஏற்குமா என்றும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள்.

இன்னும் இரண்டு விதிகள். பொதுவாக சி கிரேடு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பாடம் மாற்றப்படும். டி வாங்கினால் கல்லூரியில் பாஸ், பல்கலைக்கழகத்தில் அது கணக்கில் வராமல் போகலாம். எவ்வளவு கிரெடிட் கொண்டுவரலாம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 70 செமஸ்டர் யூனிட் வரை ஏற்கிறது. அதற்கு மேல் கூடுதலாகப் படிப்பது அறிவுக்கு நல்லது, பட்டத்துக்கு உதவாது.

சேர்க்கை: கல்லூரியைச் சரிபார்த்தல், சான்றிதழ், இன்ஷியல்

கல்லூரியின் பெயர் அமெரிக்கக் கல்வித் துறையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று அந்தத் துறையின் தளத்திலேயே தேடுங்கள். கல்லூரி தன் தளத்தில் போட்டிருக்கும் முத்திரையை நம்ப வேண்டாம்; அங்கீகாரம் தருவதாகச் சொல்லும் போலி அமைப்புகளும் உண்டு. அங்கீகாரம் தந்த அமைப்பு எது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஹையர் லேர்னிங் கமிஷன், மிடில் ஸ்டேட்ஸ் கமிஷன் போன்ற, பிராந்திய அமைப்புகள் என்று முன்பு அழைக்கப்பட்டவற்றின் அங்கீகாரம் இருந்தால் கிரெடிட் மாற்றம் சுலபம். அது இல்லாத கல்லூரியின் கிரெடிட்டை நல்ல பல்கலைக்கழகங்கள் பல தொடுவதே இல்லை.

அடுத்து கல்லூரிக்கு மூன்று கேள்விகள், மின்னஞ்சலில். இந்தியாவில் வசிக்கும் மாணவரை இந்த ஆன்லைன் படிப்பில் சேர்க்கிறீர்களா? ஒரு பாடத்துக்குக்கூட நேரில் வராமல் முழுப் பட்டத்தையும் முடிக்க முடியுமா? எனக்கு எந்தக் கட்டண விகிதம்? பதிலை அழிக்காமல் வையுங்கள். வீட்டிலிருந்து ஆன்லைனில் படிக்க மாணவர் விசா தேவையில்லை. விசா ஏற்பாடு செய்வதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ப்ளஸ் டூ மதிப்பெண் சான்றிதழை அமெரிக்கக் கல்லூரிகள் பல நேரடியாக ஏற்பதில்லை. டபிள்யூ.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று அதை அவர்கள் முறைக்கு மாற்றித் தர வேண்டும். எந்த நிறுவனத்தின் மதிப்பீடு செல்லும் என்று கல்லூரியே சொல்லும். பள்ளியிலிருந்து முத்திரையிட்ட உறையில் சான்றிதழ் கேட்பார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்குச் சான்றிதழ் தொலைந்திருந்தாலோ சரிபார்ப்பு வேண்டியிருந்தாலோ, கல்லூரிச் சாலையில், முன்பு டி.பி.ஐ. வளாகம் எனப்பட்ட பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் இருக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககம்தான் இடம். நாளாகும்; விண்ணப்பத் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். ஆங்கில மீடியத்தில் படித்தவர்களுக்குக்கூட டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ்., டூயோலிங்கோ இவற்றில் ஒன்றைக் கேட்கும் கல்லூரிகள் உண்டு.

நம் ஊருக்கே உரிய ஒரு தலைவலி இன்ஷியல். மதிப்பெண் சான்றிதழில் ‘எஸ். கார்த்திகா’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே பெயர் அப்பா பெயரோடு விரிந்து, ‘சர்நேம்’ கட்டத்தில் சுப்பிரமணியன் என்று இருக்கும். அல்லது சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். விண்ணப்பத்தில் ஒரு வடிவம், ஆங்கிலத் தேர்வில் இன்னொரு வடிவம், ஆன்லைன் தேர்வில் காட்டும் அடையாள அட்டையில் மூன்றாவது வடிவம் என்று போனால், தேர்வு தொடங்கும் நேரத்தில் கணினித் திரையில் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று வந்து நிற்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, எல்லா இடத்திலும் கொடுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால், முதலில் அதை எடுத்து, சர்நேம் என்னவென்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு, பிறகு விண்ணப்பியுங்கள்.

பணம்

விளம்பரத்தில் வரும் கட்டணம் பெரும்பாலும் அந்த மாநிலத்தில் வசிப்பவருக்கானது. கலிபோர்னியாவில் அங்கே குடியிருப்பவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர். வெளியாருக்கு அதைவிடப் பல மடங்கு. கணக்குப் போடும்போது வெளியாருக்கான விகிதத்தை 60ஆல் பெருக்குங்கள். அதோடு தொழில்நுட்பக் கட்டணம், புத்தகம், கேமரா வழி மேற்பார்வைத் தேர்வுக்கான கட்டணம், மதிப்பீட்டு நிறுவனத்தின் கட்டணம் சேரும். அமெரிக்க அரசின் கல்வி உதவி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் தகுதியுள்ள குடியேறிகளுக்கும்தான். இங்கிருந்து பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஓராண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பு. 2025 ஏப்ரலிலிருந்து நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை டி.சி.எஸ். என்ற, பணம் அனுப்பும்போதே வசூலிக்கும் வரிப் பிடித்தம் இல்லை. கிரெடிட் கார்டில் கட்டுவதா, வங்கி மூலம் அனுப்புவதா என்று இரண்டு வழிக்கும் மாற்றுக் கட்டணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். புத்தகச் செலவை மிச்சம் பிடிக்க, இலவசப் பாடநூல் பயன்படுத்தும் பிரிவுகளைக் கல்லூரியின் பாட அட்டவணையில் வடிகட்டித் தேடலாம்.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

பெரும்பாலான ஆன்லைன் பாடங்கள் நேரலை இல்லாதவை. கான்வாஸ், பிளாக்போர்டு போன்ற தளத்தில் வாரம் ஒரு பகுதி திறக்கும். படிக்க அறுபது எழுபது பக்கம், ஒரு வீடியோ, ஒரு வினாத்தாள், விவாதப் பலகையில் ஒரு கேள்வி. புதன் அல்லது வியாழனுக்குள் உங்கள் பதிலை 250 சொல்லில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்குள் மற்ற மாணவர் இருவருக்குப் பதில் சொல்ல வேண்டும். “நீங்கள் சொன்னது நன்றாக இருந்தது” என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. அவர் சொன்னதில் ஒரு வரியை எடுத்து, பாடத்திலிருந்து ஒரு சான்றோடு ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். ஆசிரியரை மறுத்துப் பேசப் பழகாத நம் மாணவர்களுக்கு முதல் மாதம் இது கூச்சமாக இருக்கும். இந்தப் படிப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான எண்ணம், அதைத் தவிர்க்காதீர்கள்.

நேர வித்தியாசத்தைத் தாளில் எழுதி மேஜைக்கு மேல் ஒட்டிவையுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு இரவு 11:59 என்றால், கோடையில் சென்னையில் திங்கள் காலை 9:29. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள், அதிலிருந்து 10:29. மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 9:29க்கு வரும். திங்கள் காலை கிடைக்கிறதே என்று மகிழ வேண்டாம். அது நீங்கள் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரம். ஞாயிறு இரவுதான் கெடு என்று வைத்துக்கொள்வதே பிழைக்கும் வழி. மார்ச்சில் ஒரு மணி நேரம் இழப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. நேரலை வகுப்பு உள்ள பாடத்தை எடுக்கும் முன் கணக்கிடுங்கள்: அங்கே மாலை 6 மணி, கோடையில் இங்கே விடியற்காலை 3:30.

எங்கே தவறுகிறது?

அரியர் வைத்துப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்ற பழக்கம் அங்கே இல்லை. எஃப் வாங்கினால் அந்தப் பாடத்தை முழுக் கட்டணம் கட்டி முதலிலிருந்து படிக்க வேண்டும். கிரேடுகளின் சராசரியான ஜி.பி.ஏ.வும் விழும். ஏ 4, பி 3, சி 2, டி 1, எஃப் 0 என்ற கணக்கில், நாலு பாடத்தில் பி, பி, பி, சி வாங்கியவரின் சராசரி 2.75. ஐந்தாவதில் எஃப் விழுந்தால் 2.2. பட்டம் பெறவே 2.0 வேண்டும், நல்ல பல்கலைக்கழகத்துக்கு அதைவிட மிகவும் அதிகம் வேண்டும். ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால், விலகல் தேதிக்குள் விலகி ‘டபிள்யூ’ வாங்குவது மேல். அது ஜி.பி.ஏ.வைத் தொடாது. பருவத் தொடக்கத்தில் கட்டணத்தைத் திரும்பப் பெற்று விலகும் தேதி ஒன்று, கட்டணம் திரும்பாமல் விலகும் தேதி ஒன்று என இரண்டு உண்டு; இரண்டையும் முதல் நாளே குறியுங்கள்.

கடைசி மாதம் முட்டி மோதிப் படிப்பதும் உதவாது. மதிப்பெண் வாரந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்கிறது. மூன்று வாரம் கல்யாணம், காதுகுத்து என்று ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஏ வாங்கியிருக்க வேண்டியவர் சியில் நிற்பார்.

கட்டுரையில் பிறர் எழுத்தை எடுத்தால் எம்.எல்.ஏ. அல்லது ஏ.பி.ஏ. எனப்படும் மேற்கோள் முறைகளில் ஒன்றின்படி மேற்கோள் காட்ட வேண்டும். கைடு புத்தகத்தை மனப்பாடம் செய்து எழுதிய பழக்கத்தில் ஒரு பத்தியை அப்படியே இறக்கினால், அது திருட்டு. முதல் முறை பூஜ்யம், அடுத்து பாடத்தில் தோல்வி, பிறகு வெளியேற்றம் வரை போகும். ஏ.ஐ. கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும்; பாடத்திட்டத் தாளில் எழுதியிருப்பதுதான் விதி.

மேற்பார்வைத் தேர்வில் கேமரா உங்கள் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லும். யாரும் உள்ளே வரக் கூடாது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் படிப்பதற்கு அருமையான இடம். இந்தத் தேர்வுக்கு ஆகாது. வீட்டில் ஓர் அறை, மூடும் கதவு, தேர்வு நேரத்தில் அம்மா காபி டம்ளரோடு வந்துவிடாமல் முன்கூட்டியே ஒரு வார்த்தை. அலுவலக லேப்டாப்பில் தேர்வு மென்பொருள் நிறுவ அனுமதி இருக்காது. சொந்தக் கணினி வேண்டும்.

சென்னைக்காரர்கள் மறக்கக் கூடாதது: இலையுதிர் பருவத்தின் இறுதித் தேர்வுகள் டிசம்பர் முதல் பாதியில் வரும். நமக்கு அது வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் இணையமும் இல்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் இறுதிக் கட்டுரையை நவம்பர் கடைசி வாரத்திலேயே முடித்துவிடுங்கள். வானிலை எச்சரிக்கை வந்த அன்றே, மின்சாரம் போகும் முன், ஆசிரியருக்கு எச்சரிக்கையின் இணைப்போடு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். முன்கூட்டியே சொன்னவருக்கு ‘இன்கம்ப்ளீட்’ (பாடம் இன்னும் முடியவில்லை என்ற குறிப்பு) தந்து சில வாரம் அவகாசம் கொடுப்பது ஆசிரியருக்கு எளிது. பூஜ்யம் விழுந்த பிறகு அதை மாற்றுவது கடினம்.

ஒவ்வொரு பாடமும் முடிந்தவுடன் அதன் பாடத்திட்டத் தாளைப் பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள்: வாரவாரியான தலைப்புகள், பாடநூல் பெயர், மதிப்பெண் பங்கீடு எல்லாம் உள்ள தாள். பருவம் முடிந்து சில வாரங்களில் தளத்தில் அந்தப் பாடம் மூடிவிடும். இரண்டு வருடம் கழித்து பல்கலைக்கழகம் ஒரு பாடத்தை விருப்பப் பாடமாகத் தள்ளினால், அந்தத் தாளை இணைத்துத்தான் மறுபரிசீலனை கேட்க முடியும். கூடவே பெரிய கட்டுரைகளையும் ஆசிரியர் குறிப்போடு வைத்திருங்கள். டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலை மட்டும் நீங்கள் அனுப்ப முடியாது. கல்லூரிதான் நேரே அனுப்பும், கட்டணப் பாக்கி ஒரு டாலர் இருந்தாலும் சில கல்லூரிகள் நிறுத்திவைக்கும். ஆகவே கடைசிப் பருவக் கட்டணத்தைச் சுத்தமாகக் கட்டிவிட்டு, பட்டம் ஏறியதா என்று பார்த்த பிறகு, விண்ணப்பக் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பச் சொல்லுங்கள்.